மாடிக்குப் போகும் வால்வு

இதனால் சகலருக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில், பம்ப் டாக்டர் வீட்டுப் பம்பே நோயில் விழுந்தது. டாக்டர் பட்டத்தை எந்தப் பல்கலைக்கழகமும் தரவில்லை. தன் பம்ப் ரிப்பேர் கடைக்குப் பெயர்ப்பலகை எழுதியவனிடம் அவரே சொல்லிப் போடவைத்தது.

நோய் இதுதான். குழாயைத் திறந்தால் தானே ஓடி, மூடினால் தானே நிற்கும் பிரஷர் பம்ப் அது. மனைவி இறந்த பிறகு அந்த வீட்டில் குழாய் திறக்கும் கை அவருடையது மட்டும்தான். அந்தக் கை கூடத்து நாற்காலியில் சும்மா கிடக்கையிலேயே, அந்தி சாயும் நேரத்தில், கொல்லைப்புறத்தில் பம்ப் உறுமத் தொடங்கியது.

மகளுக்குப் போன் போட்டார். பம்ப் ஒரு சாக்கு. காதில் ஒரு மனுஷக் குரல் விழவேண்டியிருந்தது. எங்காவது கசியும் என்றாள். கசிவானால் விட்டுவிட்டு ஓடும், இது ஓர் ஆள் நிதானமாகக் குளிக்கிற மாதிரி ஓடுகிறது என்று விளக்கினார்.

"வீட்ல குளிக்க யாருப்பா இருக்கா? தனியா இருந்து இருந்து உங்களுக்கு மறை கழண்டுடுச்சு. பேசாம இங்க வந்துடுங்க."

"மறை முறுக்கறது என் தொழில்மா. நானே முறுக்கிக்கிறேன்."

அவள் சிரித்துவிட்டு வைத்துவிட்டாள். சிரிப்பு அறுந்த இடத்தில் பம்ப் ஓடிக்கொண்டிருந்தது.

அதில் ஒரு கோளாறைக் கண்டுபிடித்தே ஆகவேண்டும். இல்லையென்றால் கோளாறு அவர் தலையில். அதுவும் இல்லையென்றால்? அதை அவர் நினைக்கவில்லை.

ஈரச் சிமெண்டும் பாசியும் சூடேறிய மோட்டாரும் கலந்து மணக்கும் கொல்லையில், மங்கிவரும் வெளிச்சத்தில் தன் நிழலே தனக்கு முன்னால் குந்துவதைப் பார்த்தபடி குந்தி, பம்பின் வாயிலிருந்த பெரிய வால்வை மூடினார். பம்ப் அடங்கியது. பழுது பம்புக்குள் இருந்தால் அடங்கியிருக்காது. ஆக, தண்ணீர் வீட்டுக்குள்தான் போகிறது.

மறுபடி திறந்தார். பம்ப் ஓடியது. இனி ஒவ்வொரு கிளையாக. சமையலறை வால்வை மூடினார். ஓடியது. கீழ்க் குளியலறை. ஓடியது. தோட்டக் குழாய். ஓடியது.

மிச்சம் ஒன்று. மாடிக் குளியலறை. மனைவி வழுக்கி விழுந்த இடம். அன்றே பூட்டி, சாவியை மகளிடம் கொடுத்தனுப்பியிருந்தார்.

குழாயைத் தொட்டார். சில்லென்றிருந்தது. உள்ளே ஓட்டம்.

மூடினார்.

பம்ப் நின்றது. எங்கோ ஒரு சொட்டு. இன்னொன்று.

மேலேயிருந்து குரல் வந்தது. சலிப்பான, பழகிய குரல்.

"என்னங்க, தண்ணிய நிறுத்திட்டீங்களா? கண்ணெல்லாம் சோப்பு."

மாடிக் குளியலறை ஜன்னலின் கண்ணாடிப் பட்டைகளுக்கு இடையே ஈர விரல்கள் வந்தன. நுரை. மணிக்கட்டு. முழங்கை. அதற்குப் பிறகும் கை. சுவரோடு வழிந்து இறங்கி, கண் தெரியாதவள் குழாய் தேடுவதுபோல், அவர் தலைக்கு மேலே துழாவியது.

ஓடியிருக்கலாம். ஆனால் அவரை யாரும் 'என்னங்க' என்று கூப்பிட்டு வெகு காலமாகியிருந்தது.

வால்வைத் திறந்தார். தண்ணீர் மேலே ஏறியது. கை திரும்பிப் போகவில்லை.

பம்பில் எந்தக் கோளாறும் இல்லை.