வாய்க்காலில் நின்ற நாற்று

நடராசன் சார் கரும்பலகையில் ஓர் ஆங்கிலச் சொல்லை எழுதினார். "ரெடி. அப்படின்னா?"

"தயார், சார்" என்றது ஆறாம் வகுப்பு.

"வாக்கியத்துல சொல்லுங்க."

"சோறு ரெடி" என்றான் வைரக்கண்ணு. "குழம்பு ரெடி" என்றது இன்னொரு குரல்.

"இந்த வகுப்புக்கே பசியா? நாளைக்கு ஆளுக்கொரு வாக்கியம் வேணும். சாப்பாடு வரக்கூடாது."

அந்த வகுப்புத் தோழிகள் அம்சமும் நஃபீசாவும் யோசித்தபடியே வீட்டுக்கு நடந்தார்கள். நஃபீசாவின் அப்பா ஹபீப் முகம்மதுவின் வயலில்தான் அம்சத்தின் அம்மா நீலாம்பாள் நடவு நடுவாள். இன்று வயலில் ஒருவரும் இல்லை. பெண்கள் எல்லோரும் சங்கக் கொடியை நட்டுவிட்டுப் புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள்.

"கைப்புள்ளைங்களுக்குப் பால் குடுக்க மதியம் ஒரு மணி நேரம் கேட்டோம். மொதலாளி முடியாதுன்னுட்டாரு. தர்ற வரைக்கும் வயல்ல எறங்க மாட்டோம்" என்றாள் நீலாம்பாள்.

காலையில் பறித்துக் கட்டிய நாற்று முடிகள் வரப்பில் வெயிலில் கிடந்தன. நுனிகள் சுருளத் தொடங்கியிருந்தன.

"இது காஞ்சா வேற நாத்து கெடையாது" என்றாள் நஃபீசா.

"அப்புறம் எங்கம்மா எதை நடும்? வேர் நனைஞ்சா போதும். வாய்க்கால்ல வைப்போம், வா."

"உங்கம்மா திட்டுவாங்களே?"

"நாம என்ன நடவா போறோம்?"

நஃபீசா 'பிஸ்மில்லா' சொல்லி முதல் முடியைத் தூக்கினாள். அம்சம் மாரியம்மனை நினைத்துக்கொண்டாள். பொழுது சாய்வதற்குள் எல்லா முடிகளும் வாய்க்கால் ஓரமாக வரிசையில் நின்றன. பாவாடை முழுக்கச் சேறு.

நீலாம்பாள் வந்து பார்த்தாள். "யாருடி இதைச் செய்யச் சொன்னது?"

"யாரும் சொல்லலம்மா. நீங்க கேட்டது கெடைச்சதும் நடணும்ல?"

நீலாம்பாள் சாய்ந்திருந்த ஒரு முடியை மட்டும் நிமிர்த்தி வைத்துவிட்டுப் போனாள்.

மறுநாள் காலை, நாற்று காய்ந்துபோயிருக்கும் என்று நினைத்தே ஹபீப் முகம்மது வயலுக்கு வந்தார். வாய்க்காலோ பச்சைப் பசேல் என்று இருந்தது.

"யாரு வச்சது?"

"நானும் அம்சமும், அத்தா" என்றாள் நஃபீசா.

அவர் குனிந்து ஒரு முடியின் ஈர வேரைத் தொட்டுப் பார்த்தார். பிறகு புளியமரத்தடிக்குப் போனார். "நீலாம்பா, மதியம் ஒரு மணி நேரம் எடுத்துக்குங்க. நேத்தே சரின்னு சொல்லியிருக்கணும் நான்."

வாய்க்காலில் இறங்கி முடிகளை எடுத்துக் கொடுத்து, பெண்கள் வயலில் இறங்கியதைப் பார்த்த பிறகுதான் இருவரும் பள்ளிக்கு ஓடினார்கள்.

"லேட்டு. சரி, வாக்கியம் எங்கே?" என்றார் சார்.

"நாத்து ஈஸ் ரெடி, சார்" என்றாள் அம்சம்.

வகுப்பு சிரித்தது. சார் சிரிக்கவில்லை. சேறு காயாத நான்கு கால்களையும், ஜன்னலுக்கு வெளியே குனிந்து நடும் பெண்களையும் பார்த்தார்.

"சார், அதுவும் கடைசில சோறுதானே?" என்றான் வைரக்கண்ணு.

"அதுக்கு இன்னும் நாலு மாசம் இருக்குடா" என்று சொல்லி, அம்சம் சொன்னதை அப்படியே பலகையில் எழுதினார் சார்.