அழகர்சாமியின் புட்டி

ரத்தப் புட்டியைக் கிருமி வளர்த்துக் கண்டறியும் இயந்திரத்துக்குள் வைத்துப் பன்னிரண்டு நிமிடம்கூட ஆகவில்லை, அதற்குள் கிருமி இருக்கிறதென்று இயந்திரம் கத்தத் தொடங்கிவிட்டது. எவ்வளவு வீரியமான கிருமியானாலும் புட்டிக்குள் பெருகி இயந்திரத்தின் கண்ணில் பட ஆறேழு மணி நேரமாவது பிடிக்கும். பதினோரு ஆண்டுகளாக இந்த மருத்துவமனை ஆய்வகத்தில் குப்பை கொட்டும் அமலாவுக்கு இது தெரியாதா என்ன?

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். ஜன்னலே இல்லாத அறையில் குளிர்சாதனத்தின் இரைச்சலும், பழகிப்போன ப்ளீச் வாடையும், அவளும் மட்டும். புட்டியில் ஒட்டிய வெள்ளைச் சீட்டில் பெயர் இருந்தது: அழகர்சாமி, முப்பத்தொரு வயது, கப்பல் பட்டறைத் தொழிலாளி. ரத்தத்தில் நச்சேறி ஐசியுவில் கிடப்பவர். கிருமியின் பெயர் தெரிந்தால் சரியான மருந்து ஏறும். தெரியாவிட்டால் மணிக்கு மணி ஆள் கையைவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்.

புட்டியின் ரப்பர் மூடி கொப்புளம் போல உப்பியிருந்தது. உள்ளே ரத்தம் பழுப்பாகத் திரிந்து, சளிச்சளியாகக் கண்ணாடியில் ஒட்டி, மெதுவாக வழிந்தது. முகத்தைச் சுளித்தபடி அதைக் குளிர்ந்த மேடையில் வைத்தாள். தொலைபேசி அடித்தது. ஐசியு தாதி ஆனி.

"அக்கா, ரிசல்ட் வந்துருச்சா? அசையாம கிடந்தவரு திடீர்னு குளிருது குளிருதுன்னு நடுங்குறாரு. ப்ரெஷர் வேற இறங்குது."

"இப்பதான் பாசிட்டிவ் ஆச்சு. ஒரு மணி நேரம் குடு லா."

ஊசியை மூடிக்குள் இறக்கினாள். புஸ்ஸென்று காற்று வெளியேறியது. அடைத்துக்கொண்ட சாக்கடையில் வெல்லப்பாகைக் கொட்டியது போல ஒரு நாற்றம் முகக்கவசத்துக்குள் புகுந்து நாக்கில் ஒட்டிக்கொண்டது. ஊசியில் ஏறியது திரவமாகத் தெரியவில்லை, தசைநார் போலிருந்தது. இழுத்தாள். அது திருப்பி இழுத்தது.

மறுபடியும் ஆனி. "கையில ஊசி குத்துது, எடு எடுன்னு கத்துறாரு அக்கா. அங்க ஊசியே இல்ல."

"காய்ச்சல்ல உளறுவாங்க," என்றாள் அமலா. குரல் அவளுக்கே பிடிக்கவில்லை.

ஊசியில் எடுத்ததைத் துரிதப் பரிசோதனை இயந்திரத்தில் விட்டாள். அதற்கு முப்பத்து மூன்று கிருமிகளின் பெயர் தெரியும். ஒரு மணி நேரம் கழித்து முப்பத்து மூன்றுக்கும் 'இல்லை' என்றது. தனக்குத் தெரியாத எதையும் அது இல்லை என்றுதான் சொல்லும். நுண்ணோக்கியில் கண்ணை வைத்தாள். அதே ரத்தத்தைத் தடவி, மெத்தனாலில் முக்கிச் சாகடித்து, சாயமேற்றிய கண்ணாடிச் சில்லு. அதில் எதுவும் அசையக் கூடாது.

இளஞ்சிவப்பு நூல்கள். நெளிந்தன. எல்லாம் ஒரே பக்கமாக, அவள் கண்ணை நோக்கி.

போதும். அருவருப்பில் அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. புட்டியை ஒரு வாரம் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. விதியாவது ஒன்றாவது. புட்டி, சில்லு, ஊசி எல்லாவற்றையும் மஞ்சள் பையில் கட்டி, கழிவை நீராவியில் வேகவைக்கும் எஃகுக் கலனுக்குள் தள்ளிக் கதவைப் பூட்டினாள். நூற்றிருபத்தொரு டிகிரி. அறிக்கையில் 'கிருமி காணப்படவில்லை' என்று தட்டினாள். முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினாள். அப்பாடா என்றிருந்தது.

பிறகு வாடை வந்தது. இறைச்சி வேகும் வாடை. இனிப்பாக.

தொலைபேசி.

"அக்கா." ஆனியின் குரல் கிசுகிசுப்பாக வந்தது. "சுடுது சுடுதுன்னு அலறுறாரு. தோல் கொப்புளிச்சு உரியுது. நாங்க ஒண்ணுமே பண்ணல. உடம்புலேர்ந்து ஆவி வருது அக்கா." மூச்சு வாங்கினாள். "உங்க பேரச் சொல்றாரு. உங்கள அவருக்கு எப்படித் தெரியும்? அமலாவக் கதவத் திறக்கச் சொல்லுங்கறாரு."

தொலைபேசியோடு எஃகுக் கலனிடம் ஓடினாள். கைப்பிடி கொதித்தது. இரு கையாலும் இழுத்தாள். உள்ளங்கை பொரிந்தது. கதவு அசையவில்லை. அழுத்தம் இறங்காமல் திறக்காது. திரையில் பதினேழு நிமிடம் மீதி.

கதவின் ரப்பர் விளிம்பில் பழுப்பு நுரை கசிந்தது.

தொலைபேசியில் அழகர்சாமி அலறினார். எஃகுக் கதவுக்கு உள்ளேயிருந்தும் அதே குரல், அதே மூச்சில்.