எக்ஸ்பிரஸ் பேசாமல் நின்றாள்

காலையிலிருந்து அந்த மண்டபத்தில் எல்லோரும் உழைப்பைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். உழைப்பு எவ்வளவு களைப்பான விஷயம் என்று, கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு நன்றாகவே புரிந்துவிட்டது.

பல பள்ளிகள் கலந்துகொண்ட பேச்சுப்போட்டி அது. ஒவ்வொருவராக மேடையேறினார்கள், மைக்கை விழுங்கிவிடுவதுபோல் நெருங்கி நின்றார்கள், உழைப்பாளியைப் போற்றுவோம் என்று முழங்கிவிட்டு இறங்கினார்கள். வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. மின்விசிறிகள் கடமைக்குச் சுற்றின. நடுவர்களில் ஒருவர் கொட்டாவியை மறைப்பதற்காகக் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துத் துடைத்து, மூக்கு நுனி சிவந்துபோயிருந்தது.

மேடைக்குப் பக்கத்துப் பெஞ்சில் எக்ஸ்பிரஸ் தன் முறைக்காகக் காத்திருந்தாள். அது பட்டப்பெயர். ஆறாம் வகுப்பில் அவளைவிட வேகமாகப் பேச ஆள் கிடையாது. தொடக்கம் கேட்பவரை இழுக்க வேண்டும், குரலில் ஏற்ற இறக்கம் வேண்டும், பார்வை கூட்டத்தின் மேல் இருக்க வேண்டும், முடிப்பு மனத்தில் நிற்க வேண்டும் என்றெல்லாம் டீச்சர் சொல்லிக்கொடுத்திருந்தார். எல்லாம் அவளுக்கு வந்துவிட்டது. வராதது நிறுத்தம் ஒன்றுதான். முக்கியமான இடத்தில் ஒரு மூச்சு நிறுத்தினால்தான் சொன்னது உள்ளே போய்ச் சேரும் என்று டீச்சரும் தலைகீழாக நின்று சொல்லிப் பார்த்துவிட்டார். அவருக்குத் தொண்டை கட்டியதுதான் மிச்சம்.

ஆனால் இன்று எக்ஸ்பிரஸின் கவலை நிறுத்தத்தைப் பற்றியது அல்ல. மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த அப்பாவைப் பற்றியது.

அப்பாவுக்குச் செய்தித்தாள் அச்சடிக்கும் அச்சகத்தில் இரவு வேலை. ஊர் எழுந்திருக்கும்போது வந்து படுப்பார். அதனால் மகள் மேடையில் பேசி அவர் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. போன போட்டிக்குக் கிளம்பும்போது, சட்டையில் ஒரு கையை மட்டும் நுழைத்தபடி கட்டிலில் சாய்ந்தவர் அப்படியே தூங்கிவிட்டார். பாவம் என்று அம்மா எழுப்பவில்லை. எழுந்ததும் அவர் யாரையும் திட்டவில்லை. அந்த வாரம் முழுக்க எதையோ தொலைத்துவிட்டவர்போல வீட்டுக்குள் நடந்துகொண்டிருந்தார். அதைப் பார்க்க எக்ஸ்பிரஸுக்குத் தாங்கவில்லை.

இந்தத் தடவை அவர் வீட்டுக்கே போகவில்லை. வேலை முடிந்து நேராக மண்டபத்துக்கு வந்துவிட்டார். நகக்கண்களில் மை அப்படியே இருந்தது.

"இன்னிக்கு உன் பேச்சைக் கேக்காம போகமாட்டேன்" என்று சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

முதலில் பேசியவர்களை நிமிர்ந்து உட்கார்ந்து கேட்டார். பிறகு சாய்ந்து கேட்டார். இப்போது தலை நாற்காலிக்குப் பின்னால் தொங்க, வாய் லேசாகத் திறந்திருக்க, அடித்துப்போட்டதுபோலத் தூங்கிக்கொண்டிருந்தார். மேடையில் ஒரு பையன், உண்மையான உழைப்பாளி உறங்குவதே இல்லை என்று கர்ஜித்துக்கொண்டிருந்தான். அப்பா அசையவில்லை.

முன்வரிசையில் இரண்டு பெண்கள் அவரைத் திரும்பித் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். ஒழுங்கு பார்ப்பதற்காக நெஞ்சில் அட்டை குத்தியிருந்த ஓர் அக்கா எக்ஸ்பிரஸிடம் குனிந்து, அப்பாவைத் தட்டி எழுப்பட்டுமா என்று கேட்டாள்.

எக்ஸ்பிரஸ் வேண்டாம் என்று தலையாட்டினாள். தட்டி எழுப்பினால் அப்பா என்ன செய்வார் என்று அவளுக்குத் தெரியும். ஒருநாள் பஸ்ஸில் யாரோ தோளைத் தொட்டதும் அலறியடித்து எழுந்து, எதிரில் இருந்தவர்களிடமெல்லாம் மன்னிப்புக் கேட்டார். இத்தனை பேர் முன்னால் அவரை அப்படி நிற்க வைக்க அவளுக்கு மனம் வரவில்லை. தூங்கட்டும் என்று விட்டுவிடவும் மனம் வரவில்லை.

அதற்குள் அடுத்த எண்ணைக் கூப்பிட்டார்கள். அது அவளுடைய எண்.

மைக் முன்னால் போய் நின்றாள். மூன்று நிமிடக் கணக்கு ஆரம்பித்தது. மனப்பாடம் செய்திருந்த பேச்சு நாக்கு நுனியில் தயாராக இருந்தது. அடிவயிற்றிலிருந்து கத்திப் பேசினால் அப்பா எழுந்துவிடுவாரா?

மாட்டார். வீட்டில் மிக்ஸி ஓடினாலும் தூங்குவார். தம்பி தகர டப்பாவைத் தட்டினாலும் தூங்குவார். ஆனால் கரண்ட் போய் மின்விசிறி நின்றுவிட்டால் போதும், சட்டென்று எழுந்து உட்கார்ந்துவிடுவார். அச்சகத்தில் ஓடுகிற காகிதம் அறுந்தால்தான் மிஷின் நிற்கும். மிஷின் நின்றால் அவர் ஓட வேண்டும். சத்தம் இருக்கும்வரை எல்லாம் சரியாக நடக்கிறது என்றுதான் அவருடைய காதுக்கு அர்த்தம்.

எக்ஸ்பிரஸ் திறந்த வாயை மூடிக்கொண்டாள்.

முதலில் யாரும் அதைக் கவனிக்கவே இல்லை. பின்வரிசையில் ஊர்க்கதை நடந்துகொண்டிருந்தது. எங்கோ பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்தார்கள். பிறகு முன்வரிசை நிமிர்ந்து பார்த்தது. பாவம், மறந்துவிட்டது போலிருக்கிறது என்று யாரோ பரிதாபப்பட்டார்கள். டீச்சர் ஓரத்திலிருந்து முதல் வரியை எடுத்துக் கொடுத்தார். அவள் பேசவில்லை என்றதும், இன்னும் கொஞ்சம் சத்தமாக எடுத்துக் கொடுத்தார்.

நேரம் போய்க்கொண்டிருந்தது. எக்ஸ்பிரஸுக்கு அழுகை வந்தது. பேசுவதைவிடப் பேசாமல் நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது.

மெல்ல மெல்ல, வரிசை வரிசையாகச் சத்தம் அடங்கியது. பிஸ்கட் தின்றவர்கள் மெல்லுவதை நிறுத்தினார்கள். சிவந்த மூக்கு நடுவர் கைக்குட்டையைக் கீழே வைத்தார். காலையிலிருந்து முதல்முறையாக அந்த மண்டபத்தில் யாரும் எதுவும் பேசவில்லை.

அப்பா கண்ணைத் திறந்தார். நிமிர்ந்து உட்கார்ந்து, என்ன நின்றுபோயிற்று என்று அக்கம்பக்கம் பார்த்தார். பிறகு மேடையைப் பார்த்தார். எல்லோருடைய கண்ணும் மேடை மேலேயே இருந்ததால் அவரை ஒருவரும் கவனிக்கவில்லை.

முக்கால்வாசி நேரம் போயே போய்விட்டது. வேறொரு நாளாக இருந்தால் முழுப் பேச்சையும் மிச்ச நேரத்துக்குள் திணித்து ஓட்டியிருப்பாள். இன்று அடுக்குமொழித் தொடக்கத்தை அப்படியே விட்டுவிட்டு, நடுவிலிருந்து ஒரு பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டாள்.

"இன்று காலை நீங்கள் படித்த செய்தித்தாளை, இரவு முழுக்க ஒருவர் நின்றுகொண்டே அச்சடித்தார்" என்றாள். ஒரு மூச்சு நிறுத்தினாள். அப்பாவின் முகத்தைப் பார்த்தபடி தொடர்ந்தாள். "நீங்கள் அதைப் பிரிக்கும்போது அவர் பஸ்ஸில் வீட்டுக்குப் போய்க்கொண்டிருப்பார். அவரை நீங்கள் போற்ற வேண்டாம். தூக்கத்தில் அவர் தலை உங்கள் தோளில் சாய்ந்தால், தள்ளிவிடாமல் இருங்கள்."

மணி அடித்துவிட்டது. முடிப்பு இன்னும் பாக்கி இருந்தது. நன்றி சொல்லிவிட்டு இறங்கினாள். கைதட்டல் சற்றுப் பொறுத்துத்தான் வந்தது. ஆனால் நன்றாக வந்தது.

பரிசு கிடைக்கவில்லை. முடிப்பே இல்லாத பேச்சுக்கு யார் கொடுப்பார்கள்? கோப்பை கர்ஜித்த பையனுக்குப் போனது. டீச்சர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு பெருமூச்சு விட்டார். "ஒரு மூச்சு நிறுத்துன்னு சொன்னா, அங்கேயே குடித்தனம் நடத்திட்டியேடி."

சிவந்த மூக்கு நடுவரும் அவளைத் தேடி வந்தார். "ஆரம்பத்துல மறந்துட்டியாம்மா?"

"இல்ல சார். ஒருத்தர் வரவேண்டியிருந்தது."

"வந்தாரா?"

"வந்துட்டாரு சார்."

நடுவர் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார். அங்கே யாரும் இல்லை.

வீட்டுக்குப் போகும் பஸ்ஸில், எல்லோர் பேச்சையும் ஒன்றுவிடாமல் கேட்டதாக அப்பா சாதித்தார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால்தான் அவருக்கு நன்றாக மண்டையில் ஏறுமாம். யார் பேசியது பிடித்தது என்று எக்ஸ்பிரஸ் விடாமல் கேட்டாள். எல்லோரும் ஒரே மாதிரிதான் பேசினார்கள் என்று சொல்லித் தப்பித்துக்கொண்டார். அது உண்மைதான் என்பதால் அவளும் விட்டுவிட்டாள்.

கொஞ்ச தூரம் போனதும் அப்பா கேட்டார். "உன் பேச்சுல முடிவு வரலையே. மணி அடிச்சிட்டாங்க. கடைசியில என்ன சொல்ல இருந்த?"

"உங்களுக்குத் தூக்கம் வரலையாப்பா?"

"வருது. நீ சொல்லு."

அவள் சொன்னாள். அவருக்கு மட்டும் கேட்கும்படி, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, அவசரப்படாமல் சொன்னாள். அப்பாவின் இமைகள் இரண்டு மூன்று தடவை கீழே இறங்கின. ஒவ்வொரு தடவையும் அவர் அவற்றை மேலே தூக்கினார். கடைசிச் சொல் வரை கேட்டுவிட்டு, "நல்லா இருக்கு" என்று சொன்ன பிறகுதான் கண்ணை மூடினார்.