சாம்பிராணிக் காட்டில் நாலாவது ஆள்

"நாலு இல்ல, மூணு! நாங்க மூணு பேர்தான்!"

காட்டு எல்லையில் நின்றுகொண்டு பவளக்கொடி இப்படிக் குரலை உயர்த்தியதும், வழிகாட்டியாக முன்னே நின்ற ரோத்துவாவின் முகம் வெளிறிப்போயிற்று. சாதாரணமாக எதற்கும் அசைகிற பெண்மணி இல்லை அவர். ஐம்பது வயதில், முதுகில் கூடையுடன், ஆண்களுக்கு முன்னால் மலையேறுகிறவர்.

சுமத்ரா தீவின் மலைமேட்டில் சிகாபுங் ஒரு சின்னஞ்சிறு கிராமம். நாற்பத்தாறு வீடு, ஒரு தேவாலயம், ஒரு காப்பிக்கடை, அவ்வளவுதான். ஊரைத் தாண்டினால் சாம்பிராணிக் காடு. வெள்ளிக்கிழமை நம் வீடுகளில் புகை போடுகிறோமே, அதே சாம்பிராணி! மரப்பட்டையைக் கீறிவிட்டு வந்தால் பால் வடிந்து இறுகும். சில மாதம் கழித்துப் போய்ச் சுரண்டி எடுப்பார்கள். காட்டுக்குள் நுழையும்முன் எத்தனை பேர் போகிறோம் என்று எல்லையில் நின்று சத்தமாகச் சொல்ல வேண்டும். அதையும் எப்போதும் ஒன்று கூட்டித்தான் சொல்வார்கள். மூன்று பேர் போனால் நாலு. சாப்பாட்டுப் பொட்டலமும் நாலு. அந்தக் கூடுதல் ஆள் யார் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

பவளக்கொடிக்கோ எண்ணிக்கை பிசகினால் தூக்கம் வராது. அவள் பிழைப்பே அதுதான். மேடான் நகரத்தில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். கிராமங்களைப் பற்றிச் சுற்றுலாப் பயணிகளுக்கும் முதலீட்டாளர்களுக்கும் கையேடு போடுகிற அலுவலகத்தில் வேலை. ஊரில் எத்தனை தலை, எத்தனை மரம், ரோடு எத்தனை கிலோமீட்டர் என்று சரிபார்த்துத் திருத்துவது அவள். படம் எடுப்பது அவள் தம்பி சீராளன்.

அந்தத் தம்பியைத்தான் ஒன்பது நாளாகக் காணவில்லை.

சிகாபுங் கையேட்டுக்கு ஒரே ஒரு படம் பாக்கி இருந்தது. ஊருக்கு மேலே ஏதோ குகை இருக்கிறதாம். "குகைப் படம் இல்லாம வீட்டுப் பக்கம் வந்துடாத!" என்று போனில் சிடுசிடுத்தது சாட்சாத் இந்த அக்காதான். தம்பி ரோஷக்காரன். தனியாகப் போனான். அன்று சாயங்காலம் பேய்மழை. தேட வந்தவர்கள் ஐந்து நாள் ஆற்றோரமாக அலைந்து, ஒரு செருப்பை மட்டும் எடுத்துக் கொடுத்து, "வெள்ளம் கொண்டுபோயிடுச்சு" என்று கையை விரித்துவிட்டார்கள். அம்மா அந்த ஒற்றைச் செருப்பைக் கழுவித் துடைத்து வாசலில் வைத்திருக்கிறாள். அதைத் தாண்டித் தாண்டி வீட்டுக்குள் போய்வர பவளக்கொடியால் முடியவில்லை. கிளம்பிவிட்டாள்.

"சொன்னதை மாத்திச் சொல்லும்மா," என்றார் ரோத்துவா தாழ்ந்த குரலில். "உன் தம்பியும் இங்க நின்னு சிரிச்சான். 'நான் ஒருத்தன்தான், ஒரு பொட்டலம் போதும்'னான்."

"மாத்திச் சொல்லிடு தங்கச்சி," என்று பின்னாலிருந்து கெஞ்சினார் சன்னாசி. அவர்தான் மேடானிலிருந்து ஜீப் ஓட்டிவந்தவர். பெரிய மீசை, அதைவிடப் பெரிய தொப்பை. தைரியம் மட்டும் ரொம்பச் சின்னது. "நாலுன்னா என்ன, நாப்பதுன்னா என்ன? நம்ம காசா போகுது?"

"இல்லாத ஆளை எப்படிண்ணே சேர்க்கிறது? வாங்க, நேரமாச்சு!"

பவளக்கொடி விறுவிறுவென்று உள்ளே நடந்தாள். ரோத்துவா காட்டைப் பார்த்து என்னவோ முணுமுணுத்துவிட்டுப் பின்தொடர்ந்தார்.

காலை பத்து மணிதான். ஆனாலும் உள்ளே மூடுபனி முழங்கால்வரை கிடந்தது. ஒவ்வொரு மரத்திலும் கீறல். ஒவ்வொரு கீறலிலும் வெள்ளையாய் வடிந்து உறைந்த பால். வாசனை நெஞ்சை அடைத்தது. வெள்ளிக்கிழமை வாசனைதான் என்று பவளக்கொடி தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆனால் மனசு கேட்கவில்லை. அப்பாவைக் கூடத்தில் கிடத்தியிருந்த அன்று வீடு முழுக்க இதே வாசனைதான்.

பறவைச் சத்தம் ஒன்றுகூட இல்லை. சருகுமேல் காலடிச் சத்தம் மட்டும். சரக்... சரக்... பழக்கதோஷம், அவள் எண்ண ஆரம்பித்தாள். ரோத்துவா ஒன்று. தான் இரண்டு. சன்னாசி மூன்று.

சரக்.

அவள் சட்டென்று நின்றாள். எல்லாரும் நின்றார்கள். நின்ற பிறகு இன்னும் ஓரடி கேட்டது.

"அண்ணே, கடைசியா வர்றது யாரு?"

"நான்தான்."

"உங்களுக்குப் பின்னால?"

சன்னாசி திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பிப் பார்க்க அவருக்குத் தெம்பும் இல்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டு, பாட்டையில் அவளைத் தாண்டி ஓடி ரோத்துவாவின் கூடையைப் பிடித்துக்கொண்டார். இப்போது கடைசி ஆள் பவளக்கொடி!

மத்தியானம் ஒரு பாறைச் சுவரின் அடிக்கு வந்து சேர்ந்தார்கள். சுவரின் கீழே ஒரு பிளவு. அதிலிருந்து ஓடை ஒன்று கருப்பாகப் புறப்பட்டு வந்தது. ரோத்துவா கூடையை இறக்கி நாலு பொட்டலம் எடுத்தார். வாழையிலைக்குள் அரிசிமாவும் தேங்காயும் வெல்லமும் சேர்த்து விரல் பதியப் பிடித்தது. அசல் நம்ம ஊர்ப் பிடிகொழுக்கட்டை! மூன்றைப் பிரித்துத் தின்றார்கள். நாலாவதை ரோத்துவா தொடவில்லை.

"இது மேல போகணும். இந்தச் சுவருக்கு மேல காட்டுக்கு ஒரு வாய் இருக்கு. கிணறு மாதிரி ஓட்டை. நாங்க யார் வந்தாலும் அந்தக் கூடுதல் ஆள் பங்கை அதுல போடுவோம்."

"போட்டா?"

"அடியில ஓடுற தண்ணி இலையைக் கிழிச்சு இந்தப் பிளவு வழியா வெளிய தள்ளும். அவ்வளவுதான்." ரோத்துவா சற்றுத் தயங்கினார். "ஆனா ஒன்பது நாளா அந்த வாய் முனகுது. முன்னெல்லாம் காத்தடிச்சா ஊதும். இது அப்படியில்ல. காத்தே இல்லாதப்பவும் முனகுது. பால் எடுக்க வர்றவங்க எல்லாரும் பயந்துபோய் ரெண்டு ரெண்டு பொட்டலமாப் போட்டுட்டு ஓடியாந்துடறாங்க. நானும்தான். தேட வந்தவங்ககிட்ட சொன்னேன். சிரிச்சாங்க."

சன்னாசி கை கழுவ ஓடைக்குப் போனவர், போன வேகத்திலேயே திரும்பி வந்தார். மீசை துடித்தது.

"தங்கச்சி... அங்க... இலை!"

பிளவின் ஓரத்தில் ஒரு வேர்ச்சிக்கலில் வாழையிலைகள் ஒதுங்கிக் கிடந்தன. பத்துப் பன்னிரண்டு இருக்கும். ஒன்றுகூடக் கிழியவில்லை. எல்லாம் ஒழுங்காக இரண்டாக மடிந்திருந்தன.

ரோத்துவா மண்டியிட்டுவிட்டார். "எனக்குத் தெரிஞ்சு இப்படி வந்ததே இல்ல," என்றார் நடுங்கும் குரலில். "அது இப்ப மடிக்கக் கத்துக்கிடுச்சு. போயிடலாம், வாங்க!"

பவளக்கொடி தண்ணீரில் இறங்கி ஒரு இலையை எடுத்துப் பிரித்தாள். நடுநரம்போடு மடிப்பு. தின்ற பக்கம் உள்ளே. மிச்சம் மீதித் துருவல் சிந்தாமல் உள்ளேயே ஒட்டியிருந்தது. இன்னொன்றைப் பிரித்தாள். அதே மடிப்பு. சிகாபுங்கில் யாரும் இலையை மடிப்பதில்லை. பொட்டலத்தைப் பிரித்துத் தின்றுவிட்டு வீசிவிடுவார்கள். சாப்பிட்டு முடித்ததும் இலையை மடித்துவிட்டு எழுந்திருக்கிற ஜாதி எது என்று அவளுக்குத் தெரியாதா?

அவள் முதலில் சிரித்தாள். பிறகு ஓவென்று அழுதாள்.

"அண்ணே, பேய்க்கு யாருண்ணே இலை மடிக்கச் சொல்லிக்கொடுப்பாங்க? இது பந்தியில உக்காந்த கை! என் தம்பி உயிரோட இருக்கான்!"

அரைமணி ஏற்றத்தைக் கால்மணியில் ஏறினார்கள். பாசி படர்ந்த பாறைக்கு நடுவே, ஒரு ஆள் நுழையுமளவு ஓட்டை. குனிந்து பார்த்தால் இருட்டு வளைந்து வளைந்து இறங்கியது. உள்ளிருந்து வந்தது மனிதக் குரல் என்று சத்தியமாக யாரும் சொல்லமாட்டார்கள். தண்ணீர் இரைச்சலில் கரைந்து, பாறையில் உருண்டு, "ஊ..." என்று ஒரு முனகல். கேட்கவே மயிர்க்கூச்செறிந்தது.

"சீராளா!" என்று கத்தினாள். முனகல். சீராளன்தானா, இல்லை வெறும் எதிரொலியா?

அவள் இரண்டு தடவை கைதட்டினாள். இரண்டு முனகல். ஐந்து தடவை தட்டினாள். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, ஐந்து!

"கயிறு போடுங்க!"

ஜீப்பை இழுக்கிற கயிறு சன்னாசியின் தோளில் இருந்தது. அதை மரத்தில் சுற்றினார்கள். சன்னாசியின் தொப்பை ஓட்டைக்குள் நுழையாது. மேலே நின்று இழுக்க ரோத்துவாவின் பலம் வேண்டும். ஆகவே இறங்க வேண்டியது பவளக்கொடிதான். இடுப்பில் முடிச்சுப் போடும்போதே தூரத்தில் இடி உறுமியது. மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒன்பது நாளாக ஒரு சொட்டு மழையில்லாததால்தான் அந்தப் பள்ளத்தில் அவன் பிழைத்திருந்தான். மழை விழுந்தால் உள்ளே தண்ணீர் நிரம்பிவிடும்!

"சீக்கிரம்மா!" என்றார் ரோத்துவா.

பாறை முழங்கையைச் சிராய்த்தது. இரண்டு வளைவு தாண்டியதும் கால் காற்றில் தொங்கியது. பிறகு ஜில்லென்று தண்ணீர். டார்ச்சை அடித்தாள். மேட்டுத் திட்டு ஒன்றில் எலும்பும் தோலுமாக, ஒரு கால் தாறுமாறாக வீங்கி, தாடியும் சேறுமாக ஒரு உருவம் கண்ணை மறைத்துக்கொண்டது.

"அக்காவா?" என்றது அது. "இல்ல, நான் செத்துட்டேனா?"

"செத்திருந்தா நானே உன்னைக் கொன்னிருப்பேன்டா!"

கட்டிப்பிடித்துக்கொள்ளக்கூட நேரமில்லை. முழங்காலில் இருந்த தண்ணீர் இடுப்புக்கு வந்துவிட்டது. மேலே மழை பிடித்துக்கொண்டதை அந்த இரைச்சலே சொன்னது. தன் முடிச்சை அவிழ்த்துத் தம்பிக்குப் போட்டு மூன்றுமுறை கயிற்றைச் சுண்டினாள். அவன் வலியில் அலறியபடி மேலே போனான். டார்ச் நனைந்து அணைந்தது.

இப்போது அவளும் இருட்டும் தண்ணீரும்தான். தண்ணீர் மார்புக்கு வந்தது. கழுத்துக்கு வந்தது. கயிறு இறங்குகிற சத்தம் தலைக்கு மேலே எங்கோ கேட்டது. எட்டிப் பிடிக்கப் பார்த்தாள், கை வெறும் பாறையில்தான் பட்டது. எம்பினாள், எட்டவில்லை. இன்னொரு தடவை எம்பக் காலுக்குத் தரை கிடைக்கவில்லை. வாய்க்குள் தண்ணீர் போனது. அம்மா வாசலில் இன்னொரு ஒற்றைச் செருப்பையும் வைக்கப்போகிறாள் என்று தோன்றியது.

அப்போதுதான் அவள் காலடியில் ஒரு தோள் வந்து நின்றது.

பாறையில்லை, மரக்கட்டையில்லை. அது தோள்தான். மிதித்தபோது அமுங்கி, மறுபடி நிமிர்ந்து, அவளை ஒரே தூக்காகத் தூக்கிவிட்டது. கையில் கயிறு பட்டது. பற்றிச் சுண்டினாள். அதற்குப் பிறகு கீழே குனிந்து பார்க்க அவளுக்குத் துணிவில்லை.

பொழுது சாய்வதற்குள், சன்னாசியின் முதுகில் சீராளன் உப்புமூட்டை ஏறி ஊருக்குள் வந்தபோது, தேவாலய மணி விடாமல் அடித்தது. நாற்பத்தாறு வீடும் ரோத்துவாவின் வாசலில்தான் நின்றது. வழியெல்லாம் பயத்தில் செத்துப் பிழைத்த சன்னாசி, மீசையை முறுக்கிக்கொண்டு, "நான் அப்பவே சொன்னேன், இது பேயா இருக்காதுன்னு," என்று கதையளக்க ஆரம்பித்துவிட்டார். எலும்பு கட்டுகிறவர் வந்து காலில் மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். பவளக்கொடி அம்மாவுக்குப் போன் போட்டுத் தம்பியின் காதில் வைத்தாள்.

"மழை விட்டதும் எறங்கறப்ப பாசி வழுக்கி உள்ள போயிட்டேன். செருப்பு அப்பவே தண்ணியில போச்சு," என்றான் சீராளன், சுடச்சுடக் கஞ்சியைக் குடித்துக்கொண்டே. "சட்டையைக் கிழிச்சுத் தண்ணியில விட்டேன், பர்ஸை விட்டேன். எதுவும் வரலையாக்கா?"

"உள்ளயே எங்கயோ மாட்டியிருக்கும். இலைதான் வந்துச்சு. அந்த இருட்டுக்குள்ள உக்காந்துக்கிட்டு இலையை எதுக்குடா மடிச்ச?"

அவன் யோசித்தான். "தெரியலக்கா. கால் ஒடைஞ்சு கெடக்கேன். யாரோ எனக்குன்னு பங்கு வச்சு, தினம் தவறாமக் கொண்டாந்து போடறாங்க. தின்னுட்டு விட்டெறிய மனசு வரல."

ரோத்துவா எழுந்து அடுப்பங்கரைக்குப் போய்விட்டார்.

மறுநாள் மேடானிலிருந்து அலுவலக மேலாளர் போனில் பிடித்தார். பவளக்கொடி அனுப்பிய பக்கத்தில் ஒரு வரி அவருக்கு உறுத்தியதாம். 'காட்டுக்குப் போகிறவர்கள், எத்தனை பேர் போனாலும், கூட ஒரு ஆள் பங்கு எடுத்துச் செல்ல வேண்டும்.' முதலீடு போட வருகிறவன் இதைப் படித்தால் பயந்துவிடமாட்டானா என்றார்.

"பயப்படட்டும் சார். பயந்துக்கிட்டே ஒரு பொட்டலம் கொண்டுபோகட்டும். இந்த ஊர்ல நான் சரிபார்த்ததிலேயே பிழையில்லாத வரி அதுதான். அதை மட்டும் வெட்டாதீங்க."

வரி நின்றது.

திங்கட்கிழமை காலை ரோத்துவா மறுபடி காட்டுக்குக் கிளம்பினார். திண்டாட்டமெல்லாம் முடிந்தாலும் பால் வடிந்து காத்திருக்குமே! மாவு பிசைந்துகொண்டிருந்தவர் நிமிராமல் கேட்டார்.

"உள்ள... வேற யாராவது இருந்தாங்களா?"

பவளக்கொடி திடுக்கிட்டாள்.

"என் தம்பி," என்றார் ரோத்துவா. "இருபத்திரண்டு வருஷம் ஆச்சு. பால் எடுக்கப் போனவன் வரல. அன்னிக்கு அவன் போகமாட்டேன்னுதான் சொன்னான். நான்தான் சோம்பேறின்னு திட்டி அனுப்பினேன்."

என்னவென்று சொல்வது? தண்ணீரில் மிதந்துவந்த கட்டையாக இருக்கலாம். உயிர்பயத்தில் மனசு செய்த ஜாலமாகவும் இருக்கலாம். ஆனால் நிச்சயமில்லாத ஒன்றை இல்லை என்று அடித்துச் சொல்ல அவளுக்கு இப்போது நா எழவில்லை.

"முகம் தெரியல ஈனாங்," என்றாள். அந்த ஊரில் தாய்போன்ற பெண்களை அப்படித்தான் கூப்பிடுவார்கள். "இருட்டு. ஆனா நான் முங்கப்போனப்ப காலுக்குக் கீழ ஒரு தோள் வந்துச்சு. தூக்கிவிட்டுட்டுப் போயிடுச்சு."

ரோத்துவாவின் கை மாவிலேயே நின்றது. கண்ணீர் வழிந்து மாவில் விழப் போனதைப் புறங்கையால் துடைத்துக்கொண்டார். பிறகு எழுந்து, அடுப்புக்கு மேலே கயிற்றில் தொங்கிய கருவாட்டில் பெரிய துண்டாகப் பார்த்து எடுத்து, தணலில் வாட்டி, கடைசிப் பொட்டலத்துக்குள் வைத்தார்.

"அவனுக்குக் கருவாடுன்னா உயிர்," என்று சொல்லி இலையைக் கட்டினார்.