முதல் போணி

அரையணாவைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "நீங்கதான் தாயி இன்னைக்கு முதப் போணி" என்று வளையல்காரி சீனியம்மாள் சொன்னபோது சைனப்புக்குச் சிரிப்பு வந்தது. மணி பதினொன்று ஆகிவிட்டது. புதுமண்டபத்துக்கு வெளியே எள் விழ இடமில்லாத கூட்டம். இத்தனை பேரில் ஒருத்தி கூடவா ஒரு வளையல் வாங்கவில்லை?

"எல்லார்கிட்டயும் இதே பாட்டுத்தான் பாடுவா" என்று காதோரம் சொன்னான் பாதுஷா. சீனியம்மாள் இரண்டு முக்காலி போட்டிருந்தாள். அவன் ஒன்றில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான். கொழும்பிலிருந்து வந்து அன்று காலைதான் மதுரையில் ரயில் இறங்கியிருந்தார்கள். கல்யாணமாகி நாலு மாதம். சாயங்காலம் வரை கடைகளைச் சுற்றிவிட்டு ராத்திரி ரயிலைப் பிடிக்க வேண்டும். கடலுக்கு இந்தக் கரையில் சைனப்புக்கு அவனைத் தவிர ஒருவரையும் தெரியாது.

தெருவில் இறங்கியதும் மல்லிகை வாசனையும் சாம்பிராணிப் புகையும், அவற்றுக்கு அடியில் மூக்கைக் காந்தும் சுண்ணாம்பு நெடியும் ஒன்றாய் வந்து மோத, முதுகும் தோளுமாய் நெருக்கியடித்துக்கொண்டு எல்லோரும் ஒரே பக்கமாய்ப் போய்க்கொண்டிருந்தார்கள். வாசல்களிலும் நடுத்தெருவிலும் வெள்ளைவெளேரென்று சுண்ணாம்புத் தூள் தூவிக் கிடந்தது. ஊர் வழக்கமாயிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். காதில் இரைச்சல் கேட்டபடியே இருந்தது, ஆனால் அதில் ஒரு பேரச் சத்தம் இல்லை, ஒரு பிள்ளையின் அழுகை இல்லை. சந்தை என்றால் இப்படியா இருக்கும்?

கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு கை செம்பை நீட்டியது. பாதுஷா வாங்கி மடக்மடக்கென்று குடித்தான்.

"மோரு. என்னா குளிர்ச்சி! உனக்கு வேணுமா?"

வேண்டாமென்று தலையசைத்துவிட்டு, கொடுத்தது யாரென்று பார்த்தாள். அதற்குள் அந்த ஆள் முதுகைக் காட்டி நடந்துகொண்டிருந்தான். யோசித்துப் பார்த்தால், காலையிலிருந்து அவள் கண்டதெல்லாம் முதுகுகள்தான்.

விளக்குத்தூண் பக்கம் கண்ணுச்சாமியின் ஜவுளிக்கடையில் படியேறியபோது மணி இரண்டு. அவர் ஒரே ஒரு முக்காலி போட்டார். கஞ்சப் பிசிநாறி என்று மனசுக்குள் வைதுகொண்டு உட்கார்ந்தாள். பாதுஷா பின்னால் நின்றான்.

"வாம்மா தங்கச்சி. கடையக் கட்டிரலாம்னு இருந்தேன். நீதான் முதப் போணி."

இந்தத் தடவை சிரிப்பு வரவில்லை. "இம்புட்டுக் கூட்டத்துலயா அண்ணே?"

கண்ணுச்சாமி விரித்த சேலையைக் கையில் பிடித்தபடியே தெருவைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"எந்தக் கூட்டம்?"

சைனப் தெருப்பக்கம் கைகாட்டினாள்.

"வாந்திபேதி வந்து ஊரே காலியாக் கெடக்கு தங்கச்சி. பாதிச் சனம் கிராமத்துக்கு ஓடிருச்சு. மீதிச் சனம்..." சேலையை மடித்து வைத்தார். "இந்த நேரத்துல ஒத்தையிலயா வந்த?"

"ஒத்தையில இல்ல அண்ணே. இந்தா, இவுக..."

திரும்பினாள். பாதுஷா அங்கே இல்லை. தெருவில், முதுகுகளுக்கு நடுவே, அவனுடைய சிவப்புத் துருக்கித் தொப்பி ஆடி ஆடிப் போய்க்கொண்டிருந்தது.

"மச்சான்!"

அவன் திரும்பவில்லை. படிக்குக் கீழே சுண்ணாம்பில் அவர்கள் நடந்துவந்த தடம் தெரிந்தது. ஒரே ஒரு ஜோடிச் செருப்பு. அவளுடையது.

எழுந்தவளைக் கண்ணுச்சாமி கைநீட்டி மறித்தார். "எறங்காத தங்கச்சி! முந்தாநேத்து ரயில்ல வந்த ஒருத்தரும் கூட்டம் கூட்டம்னாரு. என் கண்ணு முன்னாலதான் படியெறங்கினாரு. நடுத்தெருவுல ஆளக் காணோம். பேசாம உக்காரு. நானே டேசனுக்குக் கூட்டிட்டு வாரேன்."

அவர் சொல்வது சரிதான் என்று அவளுக்குத் தெரிந்தது. உட்கார்ந்தால் பிழைத்துக்கொள்ளலாம். ஆனால் தொப்பி தூரமாய்ப் போய்க்கொண்டிருந்தது. அவனை விட்டுவிட்டுக் கொழும்பில் போய் என்ன சொல்வாள்? யாரோடு இருப்பாள்?

யா அல்லாஹ்.

இறங்கினாள்.

கொளுத்தும் வெயில். இடித்த தோள்களெல்லாம் சில்லிட்டிருந்தன. முட்டினாள். புகுந்தாள். எட்டி அவன் கையைப் பிடித்தாள். விரல்கள் அவள் விரல்களை இறுக்கிக்கொண்டன.

"வந்துட்டியா?" என்று சிரித்தான்.

இழுத்தாள். வந்தான். கனமே இல்லை.

கடைப் படி வரை இழுத்துவந்துவிட்டாள். "அண்ணே! கூட்டிட்டு வந்துட்டேன்!"

கண்ணுச்சாமி தலையில் கை வைத்துக்கொண்டு தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். "தங்கச்சி! ஏ தங்கச்சி!" அவருக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு முழத் தூரம்தான். அவர் வாயின் புகையிலை வாடை முகத்தில் அடித்தது.

"இங்கதான் நிக்கிறேன் அண்ணே!"

அவர் நெஞ்சில் கை வைத்துத் தள்ளினாள். அவர் உடம்பு சிலிர்த்தது. துண்டை இழுத்துப் போர்த்திக்கொண்டார். கடைப் பலகைகளை எடுத்து அடைக்கத் தொடங்கினார்.

ஒன்று. இரண்டு. மூன்று.

கடைசிப் பலகையும் விழுந்தது.

முதுகுக்குப் பின்னால் இரைச்சல் அடங்கிவிட்டது. சைனப் திரும்பினாள். அத்தனை பேரும் நின்றிருந்தார்கள். அத்தனை பேரும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சாதாரண முகங்கள். கண்கள் மட்டும் உள்ளே போயிருந்தன, உதடுகள் வெடித்திருந்தன.

இடுப்பில் பிள்ளையோடு ஒருத்தி பக்கத்தில் வந்தாள். சரிந்திருந்த சைனப்பின் முக்காட்டைப் பிரியமாய் இழுத்துவிட்டாள்.

"எப்ப வந்தீக?"

"இப்பத்தான்" என்றான் பாதுஷா, அவளுக்கும் சேர்த்து.