பூஜ்ஜியம் போட்ட கட்டம்

திரையில், அவர்கள் வீடு இருந்த கட்டத்துக்கு லேசாக நிறம் ஏறியிருந்தது.

தூசியாக இருக்கும் என்று தங்கை விரலால் துடைத்தாள். போகவில்லை. ஊர் வரைபடத்தைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, காணாமல்போன அக்கா இருக்க எங்கே வாய்ப்பு அதிகமோ அங்கே கருப்பு கூடும்படி அவள்தான் நிரல் எழுதியிருந்தாள். காய்ச்சல் மூளையைத் தொட்டதிலிருந்து அக்காவின் நடைக்குத் திசை கிடையாது. ஓர் அடி இப்படி, ஓர் அடி அப்படி. வேலி வந்தால் திரும்புவாள், பள்ளம் வந்தால் அதற்குள்ளேயே சுற்றிச் சுற்றி வருவாள். மதியத்திலிருந்து அவளைக் காணவில்லை. அத்தான் ஆட்களோடு ஏரிப்பக்கம் தேடிக்கொண்டிருந்தார். ஓரிடத்தில் இல்லை என்று தெரிந்தால் அந்த இடத்தின் வாய்ப்பு மற்றக் கட்டங்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிந்து போகும். சின்னச் செய்திக்குச் சின்ன மாற்றம்.

ஆனால் வீட்டைக் கட்டிலுக்கடி வரை பார்த்துவிட்டுத்தான் பூஜ்ஜியம் போட்டிருந்தாள். பூஜ்ஜியத்தை எதால் பெருக்கினாலும் பூஜ்ஜியம்தான்.

போன் அடித்தது.

"கணக்குப்புலி, மரக்கிடங்குலயும் இல்ல. அடுத்து எங்க?"

"ஏரியில நாணல் ஓரமா பாருங்க அத்தான். இருட்டறதுக்குள்ள பாத்துடணும்."

"நீ சொல்லு, நான் நடக்கறேன். உங்க அக்காவைக் கட்டினதுலேருந்து அதானே என் பொழப்பு." சிரிக்கப் பார்த்தார், வரவில்லை.

மரக்கிடங்கை நீக்கினாள். ஏரி வெளுத்தது. சாலைகள் வெளுத்தன. ஊரின் கருப்பு முழுக்க ஒரே தாவலில் வீட்டுக்கட்டத்துக்குள் வந்து நின்றது.

சாத்திய ஜன்னல்களைத் தாண்டி எங்கிருந்தோ சேற்று வாடை வந்தது. பின்னறையில் ஈரக்கால் ஒன்று தரையில் ஒட்டிப் பிரியும் சத்தம். நின்றது. திரும்பியது. மறுபடி ஓர் அடி. அந்த நடையை எந்தக் கூட்டத்திலும் அவளுக்குத் தெரியும்.

"அத்தான், திரும்பி வாங்க! அக்கா வீட்லதான் இருக்கா."

"நிஜமாவா? நாணல்கிட்ட வந்துட்டோமே, ஒரு எட்டு பாத்துட்டு..."

"வேணாம். எல்லாரையும் கூட்டிட்டு வாங்க."

அவர் வரும்வரை பொறுக்கத்தான் நினைத்தாள். முடியவில்லை. கதவைத் தள்ளினாள்.

அரை இருட்டு. அக்கா முதுகைக் காட்டி நடந்துகொண்டிருந்தாள். முடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. அலமாரியில் இடித்தாள். திரும்பினாள். சுவரில் இடித்தாள். திரும்பினாள்.

"எங்கக்கா போயிட்ட? எங்களைக் கொன்னுட்டியே." அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

கையிலிருந்த போன் அதிர்ந்தது.

"பாதி வழியில ஒருத்தன் திரும்பிப் பாத்தான்..." அத்தானின் குரல் அவர் குரலாக இல்லை. "நாணலுக்குள்ள கிடந்தா. தூக்கிட்டோம். மூச்சு இல்லம்மா. உடம்புச் சூடு இன்னும் ஆறல. நீ கூப்பிட்டப்ப திரும்பாம அப்பவே உள்ள இறங்கியிருந்தா..."

அறைக்குள் நடை நின்றது.

ஈர முடி மெல்ல இந்தப் பக்கம் திரும்பியது. பிறகு, அலமாரிப் பக்கம் சாயாமல், சுவர்ப் பக்கம் போகாமல், அது அவளை நோக்கி நேராக நடந்து வந்தது.