கோப்பு பயன்பாட்டில் உள்ளது

அக்காவுக்கு மெசேஜ் அனுப்பிய மறுநொடி வீட்டுக்குள் எங்கோ ஏதோ அதிர்ந்தது. தகரத்தின் மேல் ஒரு பெரிய வண்டு மல்லாந்து விழுந்து சிறகை அடித்துக்கொள்வதுபோல ஒரு கரகரப்பு, இரண்டு முறை கேட்டு அடங்கிவிட்டது. சின்னவள் கையில் போனை வைத்துக்கொண்டு ஹாலின் நடுவில் நின்றாள். இன்னொரு மெசேஜ் அனுப்பிப் பார்த்தாள். மறுபடியும் அதே கரகரப்பு. கணவனின் அறைப் பக்கமிருந்து வந்ததுபோல இருந்தது. அக்காவோ கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தாள்.

கணவன் வந்ததும் கேட்டாள். அவன் சாப்பாட்டிலிருந்து தலையைத் தூக்காமலே, யூ.பி.எஸ். பழசாகிவிட்டது, கரண்ட் ஏறி இறங்கினால் அப்படித்தான் உறுமும் என்றான். மறுநாளிலிருந்து சத்தம் நின்றுபோனது. சொன்னதும் சரிசெய்துவிட்டான் பார் என்று நினைத்துக்கொண்டாள். அவன் அப்படிப்பட்டவன்தான். ஒரு பெரிய கம்பெனியில் நூற்றுக்கணக்கான கம்ப்யூட்டர்களைக் கட்டி மேய்க்கிறவன். கோபத்தில் குரலை உயர்த்தி அவள் கேட்டதில்லை.

அதைவிட, மனசைப் படிக்கிறவன். அவனிடம் அவள் எதையும் வாய்விட்டுக் கேட்டதே இல்லை. முதுகு வலிக்கிறது என்று அக்காவிடம் மட்டும் புலம்பியிருப்பாள், இரண்டு நாளில் புது மெத்தை வந்து இறங்கும். அம்மாவைப் பார்க்க வேண்டும்போல இருக்கிறது என்று அக்காவுக்கு எழுதியிருப்பாள், ஞாயிற்றுக்கிழமை அவனே வண்டியை எடுப்பான். இப்படி ஒரு புருஷன் யாருக்குக் கிடைப்பான் என்று அதையும் அக்காவுக்கே எழுதியிருக்கிறாள்.

அக்காவுக்குத்தான் அவனை ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை. வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பும் முன் சில நாள் வந்து தங்கியிருந்தபோது, நீ எதை உடுத்த வேண்டும், யாரோடு பேச வேண்டும் என்பதையெல்லாம் அவர்தான் முடிவு பண்ணுவாரா என்று நேருக்கு நேர் கேட்டாள். போகும்போது உன்னையும் கூட்டிக்கொண்டுதான் போவேன் என்றும் சொன்னாள். அந்த நேரம் பார்த்து அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் வர, சின்னவள் அம்மா வீட்டுக்கு ஓடவேண்டியிருந்தது. திரும்பி வந்தபோது அக்கா போய்விட்டிருந்தாள். அவன்தான் ஏர்போர்ட்டில் கொண்டுபோய் விட்டிருந்தான். அங்கே விடுதியில் போன் பேச விடமாட்டார்கள், மெசேஜ் மட்டும்தான் என்று அக்கா எழுதினாள். இரண்டு வருடமாக எழுதிக்கொண்டே இருந்தாள். நேரில் இருந்ததைவிட மெசேஜில் அக்கா சாந்தமாகிவிட்டாள். தூரம் போனால் உறவு இனிக்கும் என்று அம்மா சொல்லிக்கொண்டாள்.

சின்னவள் வேலைக்குப் போக ஆரம்பித்து அதிக நாள் ஆகவில்லை. ஒரு சின்ன ஆபீஸின் கம்ப்யூட்டர் பிரிவு. பேக்கப் எடுப்பது, பழைய ஃபைல்களைத் துடைப்பது, யாராவது பாஸ்வேர்டை மறந்தால் மாற்றிக்கொடுப்பது, இதுதான் வேலை. பக்கத்து சீட்டுக்காரி வாயாடி, ஆனால் நல்லவள். ஒரே வேலையை மூன்று தடவை கையால் செய்தால் நாலாவது தடவை அதைக் கம்ப்யூட்டர் தலையில் கட்டிவிடு என்பாள். ஸ்கிரிப்ட் எழுதக் கற்றுக்கொடுத்தவள் அவள்தான். நாம் செய்கிற வேலையை வரிசையாக எழுதி வைத்தால் மெஷின் அதைப் படித்து அப்படியே செய்யும், அவ்வளவுதான். 'இப்படி இருந்தால் இதைச் செய், இல்லையென்றால் அதைச் செய்' என்று எழுதும் வித்தையை அந்த வாரம்தான் கற்றிருந்தாள். நடுநடுவே மனிதர்களுக்கான குறிப்பு எழுதலாம், அந்த வரிகளை மெஷின் கண்டுகொள்ளாது. நாளைக்கு உன் சீட்டுக்கு வருகிறவளுக்குப் புரிய வேண்டுமே, எழுதி வை என்பாள் சீட்டுக்காரி.

கணவனுக்கு அவள் ஸ்கிரிப்ட் கற்பது பிடிக்கவில்லை. இதெல்லாம் உனக்கு எதுக்கு என்று ஒரே ஒரு தடவை கேட்டான். அப்புறம் கேட்கவில்லை. ஆனால் அதன்பின் வீட்டில் ஒரு மாதிரியான மௌனம் வந்து உட்கார்ந்தது. அவள் மேல் வைத்த பார்வையை அவன் எடுப்பதே இல்லை. தாங்க முடியாமல் போன வாரம் அக்காவுக்கு எழுதினாள். கொஞ்ச நாள் அம்மாவிடம் போய் இருக்கலாம் என்று நினைக்கிறேன், அவருக்குத் தெரிய வேண்டாம் என்று. அவசரப்படாதே, கொஞ்சம் பொறு என்று அக்கா பதில் போட்டிருந்தாள்.

மழைக்காக ஆபீஸ்களுக்கு விடுமுறை விட்ட நாள் அது. அவன் மட்டும் கிளம்பினான். பேட்டரி மாற்றிக்கொண்டு வருகிறேன் என்று அவள் போனையும் வாங்கிக்கொண்டு போனான். பகலிலேயே வீடு இருண்டு கிடந்தது. ஈரச் சுவரின் வாடையும், கொடியில் காயாமல் தொங்கிய துணிகளின் புளித்த வாடையும் அறை அறையாக நகர்ந்துகொண்டிருந்தன. கூரையில் மழை ஓயாமல் அரிசி புடைத்தது. சும்மா இருப்பானேன் என்று லேப்டாப்பைத் திறந்து, தானாகவே ஒரு ஸ்கிரிப்ட் எழுதிப் பார்க்க உட்கார்ந்தாள். கல்யாணப் போட்டோக்கள் எல்லாம் அவன் அறையில் எந்நேரமும் ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டரில் இருந்தன. வீட்டு நெட்வொர்க் வழியாக அவற்றைப் பார்க்கலாம், எடுத்துக்கொள்ளலாம், மாற்றத்தான் முடியாது. அங்கே இருப்பதையெல்லாம் தன் லேப்டாப்புக்கு நகல் எடுக்கும்படி நாலு வரி எழுதி ஓடவிட்டாள்.

ஓடியது. முதல்முதலாக அவள் சொந்தமாக எழுதிய ஒன்று தடுக்கி விழாமல் ஓடியது. சந்தோஷத்தில் தனக்குத்தானே சிரித்துக்கொண்டாள். கடைசியில் ஒரே ஒரு சிவப்பு வரி வந்தது.

'பெரியவ' ஃபோல்டரிலுள்ள கோப்பை நகலெடுக்க முடியவில்லை. கோப்பு பயன்பாட்டில் உள்ளது.

அக்கா ஊருக்குப் போகும் முன் எடுத்த படங்களாக இருக்கும் என்று ஃபோல்டரைத் திறந்தாள். படம் எதுவும் இல்லை. திறக்க முடியாத ஒரு ஃபைலும், பக்கத்தில் நீளமான ஒரு ஸ்கிரிப்டும் இருந்தன. ஒரு மாதத்துக்கு முன்னால் பார்த்திருந்தால் கோழி கிளறிய மண்போலத் தெரிந்திருக்கும். இப்போது படிக்க முடிந்தது.

வரும் மெசேஜில் 'எப்ப வருவே' என்று இருந்தால், இந்தப் பதில்களில் ஒன்றை அனுப்பு. 'சாப்பிட்டியா' என்று இருந்தால், இவற்றில் ஒன்று. உடனே அனுப்பாதே, ஒவ்வொரு முறையும் வேறு வேறு நேரம் காத்திரு. 'அவர்' என்ற சொல் வந்தால் பதில் அனுப்பாதே, எனக்குத் தெரியப்படுத்து.

அதற்கடுத்து மனிதர்களுக்கான குறிப்பு. அவன் எழுத்தில் எப்போதும் இருக்கும் சுத்தம் அதிலும் இருந்தது.

'ரெண்டு தடவை கால் பண்ணச் சொல்லிக் கேட்பா. மூணாவது தடவை விட்டுடுவா.'

அந்த வரியிலேயே கண் நின்றுவிட்டது. உண்மைதான். இரண்டு தடவை கேட்டாள், மூன்றாவது தடவை விட்டுவிட்டாள். முதுகு வலியைச் சொன்னதும், அம்மா ஞாபகம் வந்ததைச் சொன்னதும், படுக்கையில் அவனுக்குப் பக்கத்திலேயே போர்வைக்குள் ஒளிந்துகொண்டு எழுதியதும், அவரிடம் எனக்குப் பயமாக இருக்கிறதடி என்று ஒரே ஒரு நாள் அழுதுகொண்டே எழுதியதும் எல்லாம் யாரிடம் சொன்னாள்? அன்றைக்கு வந்த பதில் இன்னும் நினைவிருக்கிறது. அவர் உன்மேல் உயிரையே வைத்திருக்கிறார், நீதான் புரிந்துகொள்ளவில்லை. அக்காவே சொல்கிறாளே என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்துபோய் அவனிடம் மன்னிப்புக் கேட்டாள். அவன் அவள் தலையைத் தடவிக்கொடுத்தான்.

லேப்டாப்பிலிருந்தே அக்காவுக்கு ஒரு மெசேஜ் அனுப்பினாள். சாப்பிட்டியா என்று மட்டும். அனுப்பிவிட்டு அவன் அறைக்கு ஓடினாள். இரும்பு அலமாரி பூட்டியிருந்தது. கதவிலிருந்த காற்றுத்துளைகளில் கண்ணை வைத்தாள். உள்ளே வெளிச்சம். மடித்த துண்டு ஒன்றின் மேல் அக்காவின் போன் கிடந்தது, மூலை உடைந்த அதே ஊதா உறையோடு. துண்டு, சத்தம் கேட்காமலிருக்க. போனிலிருந்து ஒரு ஒயர் கம்ப்யூட்டருக்குப் போனது. திரையில் அவளுடைய 'சாப்பிட்டியா' எரிந்து அணைந்தது. அலமாரிக்குள்ளிருந்து அக்காவின் தலைமுடி எண்ணெய் வாடை வந்தது. அங்கே போன் மட்டும் இல்லை. அக்கா ஊருக்குக் கொண்டுபோன பெட்டியும் இருந்தது. அதன் கைப்பிடியில் ஏர்போர்ட்டில் ஒட்டும் சீட்டு இல்லை.

அக்கா எங்கேயும் போகவில்லை.

சுவரைப் பிடித்துக்கொண்டே ஹாலுக்கு வந்தாள். பக்கத்து சீட்டுக்காரிக்கு எழுத வேண்டும், உடனே. எழுதினாள். போகவில்லை. இன்டர்நெட் இல்லை. கொஞ்சம் முன்னால் இருந்தது, இப்போது இல்லை. அவள் லேப்டாப்புக்கு மட்டும் இன்டர்நெட் வெட்டப்பட்டு, வீட்டுக்குள் ஓடும் நெட்வொர்க் விட்டுவைக்கப்பட்டிருந்தது. தன் ஸ்கிரிப்ட் அங்கே நுழைந்ததுமே அவனுக்குத் தெரிந்திருக்கும் என்று அப்போதுதான் உறைத்தது.

வாசல் கதவு வெளியே பூட்டியிருந்தது. அவளுடைய சாவி ஆணியில் இல்லை. பின்கதவும் அப்படியே. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். மழை அதைத் தின்றுவிட்டது.

படுக்கையறைக்குள் போய்த் தாழிட்டாள். லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே உட்கார்ந்தாள். ஏதாவது வழி. ஏதாவது ஒரு வழி. மறுபடியும் அவன் கம்ப்யூட்டருக்குள் பார்த்தாள். 'பெரியவ'வுக்குக் கீழே இன்னொரு ஃபோல்டர் இருந்தது.

'சின்னவ'.

திறந்தாள்.

அவள் அம்மாவுக்கு எழுதிய எல்லாமே அங்கே இருந்தன. சரிம்மா. வெச்சிடறேன்மா. சும்மா கவலைப்படாதம்மா. பக்கத்தில் ஒரு குறிப்பு இருந்தது.

'ம்மா போடாம எழுத மாட்டா. மறக்கக் கூடாது.'

இன்னொரு குறிப்பு.

'அம்மா கேள்வி கேட்கிற ஆளில்லை.'

தொடங்க வேண்டிய நாள் என்ற இடத்தில் இன்றைய தேதி இருந்தது. அந்த வரியை அழிக்கப் பார்த்தாள். அனுமதி இல்லை என்றது. மறுபடியும் அழுத்தினாள். அனுமதி இல்லை. நடப்பதையெல்லாம் வரிவரியாகக் குறித்துக்கொள்ளும் ஒரு ஃபைல் பக்கத்தில் காலியாகக் கிடந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அவன் கொண்டுபோன அவள் போனிலிருந்து அம்மாவுக்குப் போன முதல் வரி அதில் வந்தது.

'அம்மா, அக்கா கூப்பிட்டாம்மா. வேலை இருக்காம், உடனே வரச் சொன்னா. அவர் ஏத்தி விட வந்திருக்கார். நேர்ல சொல்ல முடியலம்மா, கோவிச்சுக்காத.'

"அம்மா, நான் இல்லம்மா அது," என்றாள் சின்னவள் திரையைப் பார்த்து.

வாசலில் பூட்டு திறந்தது. அவசரமில்லாத சத்தம். குடையை உதறும் சத்தம். ஹாலில் ஈரச் செருப்பு.

அடுத்த வரி, அம்மாவிடமிருந்து.

'நல்லதாப் போச்சுடி. பெரியவ தனியாக் கிடக்கறாளேன்னு எனக்கு ராத்திரியெல்லாம் தூக்கமே இல்லை.'

செருப்புச் சத்தம் படுக்கையறைக் கதவுவரை வந்தது. நின்றது. அவன் கதவைத் தட்டவில்லை. கூப்பிடவும் இல்லை. கதவுக்கு அடியில் இரண்டு கால்களின் நிழல்.

'உன் வீட்டுக்காரர் தங்கமான மனுஷன்,' என்று எழுதினாள் அம்மா. 'ரெண்டு பேரும் ஒண்ணா இருங்க. இனிமே எனக்குக் கவலையில்லை.'

அதற்குப் பதில் உடனே வரவில்லை. மெஷின் காத்திருந்தது. வெளியே அவனும் காத்திருந்தான். அவன் உடம்பிலிருந்து சொட்டிய மழைத்தண்ணீர் கதவுக்கு அடியில் நுழைந்து, தரையில் மெல்லப் பரவி, அவள் பாதத்தை நோக்கி வந்துகொண்டிருந்தது.